நிறுவிய எழுத்துரு எங்கே போச்சு?

ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. சொடுக்கிப் பார்த்தால் எழுத்துகள் லட்சணமாகத் தெரிகின்றன. ஆனால் வடிவமைப்பு மென்பொருளைத் திறந்து எழுத்துருப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடினால் அந்தப் பெயர் மட்டும் இல்லை. மூடித் திறந்தாலும் இல்லை. கணினியையே அணைத்துப் போட்டாலும் இல்லை.

கல்யாணப் பத்திரிகையோ, பொங்கல் விழா அழைப்பிதழோ, ஆண்டு மலரோ, ஊரை விட்டு வெளியே இருந்துகொண்டு எதையாவது தமிழில் அச்சடிக்க முயன்ற பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். "சார், இன்ஸ்டால் ஆயிருக்கு, ஆனா வரலை" என்று டிடிபி கடைக்காரர் கையை விரிப்பார். வைரஸ் என்பார் ஒருவர். ஃபாண்ட் கெட்டுப்போச்சு என்பார் இன்னொருவர்.

பெரும்பாலும் எழுத்துரு கெட்டுப்போவதில்லை. அது பிறந்தபோது இருந்த ஓர் ஒப்பந்தம் இப்போது ரத்தாகியிருக்கும், அவ்வளவுதான். நான் புனேயில் ஒரு வங்கியில் அதிகாரி. படித்தது பி.காம். கம்ப்யூட்டர்காரன் இல்லை. ஆனால் இந்த மாதிரி சங்கதி எங்கள் கவுண்டரில் நிறையப் பார்த்தாயிற்று. பீரோவிலிருந்து பழைய செக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். கணக்கு இருக்கிறது, பணம் இருக்கிறது, கையெழுத்தும் சரி. ஆனால் தாள் சிடிஎஸ்-2010 தரத்தில் இல்லை. அந்தப் பழைய செக்குகளுக்கான தனி கிளியரிங் 2018 கடைசியோடு முடிந்துவிட்டது. செக் நிஜம்தான். வாங்கிக்கொள்ளும் ஜன்னல்தான் மூடிவிட்டது.

எழுத்துருவின் கதையும் இதேதான். எந்த ஜன்னலை யார் எப்போது திறந்தார்கள், எப்போது மூடினார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் குழப்பத்தில் பாதி தீரும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அமெரிக்கா. ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் 1982ல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1984ல் போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்தது. பக்கத்தில் எங்கே எழுத்து, எங்கே கோடு, எங்கே படம் என்று பிரிண்டருக்குச் சொல்லும் மொழி அது. 1985ல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டர் அந்த மொழியோடு வந்தது. அதே வருஷம் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கரும் வந்தது. டிடிபி என்று நாம் சொல்லும் தொழில் பிறந்த வருஷம் அதுதான். ஈயத்தில் வார்த்த எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்த வேலை மேஜைக்கு மாறியது.

அந்த மேஜையில் உட்கார்ந்த எழுத்துருவுக்கு டைப் 1 என்று பெயர். நல்ல தரமான டைப் 1 எழுத்துரு செய்யும் ரகசியத்தை அடோபி தன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தது. மற்றவர்கள் வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டும். இது ஆப்பிளுக்கும் பிடிக்கவில்லை, மைக்ரோசாஃப்டுக்கும் பிடிக்கவில்லை. ஆப்பிள் தனியாக ஒரு வடிவம் செய்தது. அதுதான் பின்னாளில் ட்ரூடைப் ஆனது. 1989 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சேபோல்ட் மாநாட்டில், ஆப்பிளோடு கைகோத்து அதை விண்டோஸிலும் கொண்டுவரப் போவதாக பில் கேட்ஸ் அறிவித்தார். அதே மேடையில் இருந்த வார்னாக் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். அடுத்த ஆண்டு, 1990ல், டைப் 1ன் ரகசியத்தை அடோபியே வெளியிட்டுவிட்டது. வேறு வழியில்லை.

1991ல் ஆப்பிளின் சிஸ்டம் 7, 1992ல் விண்டோஸ் 3.1 இரண்டிலும் ட்ரூடைப் வந்தது. அதற்கப்புறம் உலகத்தில் இரண்டு ஜாதி எழுத்துருக்கள் ஆயின. அச்சகங்களில் டைப் 1, வீடுகளிலும் அலுவலகங்களிலும் ட்ரூடைப். 1996ல் மைக்ரோசாஃப்டும் அடோபியும் சமாதானமாகி ஓப்பன்டைப் என்ற பொது வடிவத்தை அறிவித்தன. ஆனால் பழைய டைப் 1 கோப்புகள் லட்சக்கணக்கான சிடிகளில் அப்படியே தங்கிவிட்டன.

இங்கிலீஷ்காரர்கள் சண்டை நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். நாம் குடியேறியது அவர்கள் கட்டிய வீட்டில்தான்.

அந்த வீட்டில் ஓர் எழுத்துருவுக்கு 256 அறைகள். முதல் 128ல் இங்கிலீஷும் எண்களும். மீதியில்தான் மற்றவர்கள். தமிழுக்கோ 247 எழுத்துகள், அது போக கிரந்தம். எப்படி அடைப்பது? ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

ஒரு வழி, இங்கிலீஷ் எழுத்து இருக்கும் இடத்திலேயே தமிழ் உருவத்தைப் போட்டுவிடுவது. பாமினி அப்படிப்பட்டது. தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் எழுதியவர்களுக்குக் கை தானாகப் போகும். யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா, மலாயா சிங்கப்பூர் பக்கம் வேலைக்குப் போயிருந்தவர், வகுத்துக் கொடுத்த தட்டச்சு வழியில் வந்த விசைகள்தாம் அவை. (கடல் தாண்டிப் போனவர்கள்தாம் தமிழ் எழுத்துக்கு எந்திரம் தேடினார்கள் என்பதை நம்மைப் போன்றவர்கள் கொஞ்சம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.) பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி உள்ளே வைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு இங்கிலீஷ் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். தமிழ் என்பது கண்ணுக்கு மட்டும். எழுத்துருவை எடுத்துவிட்டால் திரையில் அந்த ஜே-கே-பி-ஓதான் மிஞ்சும். 90களிலும் 2000களிலும் ஊரிலிருந்து வந்த மெயிலைத் திறந்து இந்தக் கிறுக்கலைப் பார்த்து விழித்தவர்கள் கை தூக்குங்கள் :-)

இன்னொரு வழி, இங்கிலீஷை விட்டுவைத்து மேல் பாதி 128ல் தமிழை அடைப்பது. உலகமெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து உருவாக்கிய திஸ்கி அப்படிப்பட்டது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைச் செய்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரமாக அறிவித்தது. ஆக ஒரே தமிழுக்குப் பல பூட்டு, பல சாவி. பத்திரிகைத் தளங்களும் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திஸ்கி 1.6ல் 'இ' என்ற எழுத்துக்குக் கிடைத்த அறை எண் 173. மற்ற உலகத்துக்கு அது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு. வரி உடையும்போது மட்டும் தலைகாட்டும். அதனால் சில மென்பொருள்களில் எல்லா எழுத்தும் தெரியும், 'இ' மட்டும் காணாமல் போகும். எழுத்துரு சரி, தட்டச்சு சரி, மென்பொருளும் அதன் விதிப்படி சரி. அறை ஒதுக்கீட்டில்தான் தகராறு. 1.7ல் 'இ'க்கு வேறு அறை கொடுத்த பிறகுதான் அது தீர்ந்தது.

மூன்றாவது ஜன்னல் யூனிகோடு. இதில் நான் இருக்கும் ஊருக்கும் பங்குண்டு. இந்திய மொழிகளுக்கான இஸ்கி என்ற குறியீடு கான்பூர் ஐஐடியில் முளைத்து, 1988ல் புனேயில் தொடங்கிய சிடாக் நிறுவனத்தில் வளர்ந்தது. ஒரே ஒலிக்கு எல்லா இந்திய எழுத்திலும் ஒரே வரிசை இடம் என்பது அதன் கணக்கு. 1991 அக்டோபரில் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது இஸ்கியின் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் இன்றைக்கும் 72தான் நிரம்பியிருக்கிறது. நமக்கில்லாத வர்க்க எழுத்துகளின் இடங்களெல்லாம் காலி.

யூனிகோடு செய்த பெரிய காரியம் இதுதான்: எழுத்து வேறு, உருவம் வேறு என்று பிரித்தது. 'கொ' என்று அடித்தால் உள்ளே இருப்பது 'க', அதன் பின் ஒகரக் குறி ஒன்று. கொம்பை முன்னால் போட்டு, காலைப் பின்னால் போட்டு, நடுவில் ககரத்தை உட்காரவைப்பது காட்டும் மென்பொருளின் பொறுப்பு. இந்த அடுக்கும் வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவை நிறுவினால், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று சிதறும்.

விண்டோஸ் 2000ல் லதா எழுத்துரு வந்தது. ஆனால் எக்ஸ்பியில்கூட மண்டல மொழி அமைப்புக்குப் போய் ஒரு கட்டத்தில் டிக் போட்டு, சிடியைச் செருகினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். ஈ-கலப்பையை இறக்கி நண்பர்கள் வலைப்பூ எழுத ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். இணையம் வேகமாக யூனிகோடுக்கு மாறியது. அச்சகம் மாறவில்லை.

ஏன் மாறவில்லை? சோம்பேறித்தனம் இல்லை. 2001ல் வந்த பேஜ்மேக்கர் 7தான் கடைசிப் பதிப்பு. அதற்கு யூனிகோடே தெரியாது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் இந்திய மொழிகளை முறையாக அடுக்கக் கற்றது 2012ல் வெளியான சிஎஸ்6 பதிப்பில்தான். 1991க்கும் 2012க்கும் நடுவே 21 வருஷம். அத்தனை வருஷமும் தமிழில் புத்தகம் போட்டவர்களுக்குப் பழைய 256 அறை எழுத்துருக்களை விட்டால் பெரிய வழி இல்லை. 2010ல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்16 என்ற குறியீட்டையும் சேர்த்து அறிவித்ததற்கு இந்த அவஸ்தையும் ஒரு காரணம். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுத்துவிட்டால் அடுக்கும் வேலையே வேண்டாமே என்ற யோசனை.

இதனால்தான் ஊரில் உள்ள முக்கால்வாசி மலர்கள், நினைவுப் புத்தகங்கள், குலதெய்வக் கோயில் வரலாறுகள் எல்லாம் பழைய பூட்டுக்குள் இருக்கின்றன.

கடைசி ஜன்னல் சமீபத்தில் மூடியது. 2023 ஜனவரியோடு தன் வடிவமைப்பு மென்பொருள்களில் டைப் 1 எழுத்துருவுக்கு ஆதரவில்லை என்று அடோபி அறிவித்தது. ஃபோட்டோஷாப்பில் அதற்கு முன்பே நிறுத்தியாயிற்று. விண்டோஸ் அதை நிறுவிக்கொள்ளும், ஃபோல்டரில் காட்டும். மென்பொருள் திரும்பியே பார்க்காது. டைப் 1ஐப் பெற்றெடுத்த நிறுவனமே அதைக் கைவிட்ட அதே 2023ல், ஆகஸ்டில், வார்னாக்கும் காலமானார்.

இதெல்லாம் வெறும் சரித்திரம் என்றால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். இங்கே கிர்க்கியில் ஒரு பெரியவர் இருந்தார். 60களில் மெட்ராஸ் பம்பாய் மெயிலில் வந்து இறங்கி, வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் வீட்டில் முதலில் தங்கினார்கள், காப்பிப்பொடி எங்கே கிடைத்தது, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர வராந்தாவில் யார் உட்கார்ந்தார்கள் என்று நாற்பது பக்கம் எழுதியிருந்தார். 90களின் கடைசியில் ஒரு மலருக்காகத் தட்டச்சு செய்தது. அச்சான பிரதி யாரிடமும் இல்லை. ஒரு சிடி இருந்தது. அதில் ஒரு கோப்பும், அதற்குரிய டைப் 1 எழுத்துருவும்.

அவர் காலமான பிறகு முதலாம் ஆண்டு நினைவுக்கு அதை அச்சடிக்க அவர் மனைவி ஆசைப்பட்டார். கடையில் எழுத்துருவை நிறுவினார்கள். பட்டியலில் வரவில்லை. பக்கம் முழுக்க இங்கிலீஷ் கிறுக்கல். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, அவர் எழுதினது உள்ள இருக்கா, அழிஞ்சு போச்சா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்கும்மா, பூட்டியிருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

எழுத்துருவை மென்பொருளில் வரவழைக்க நாங்கள் முயலவே இல்லை. எந்த அறையில் எந்தத் தமிழ் உருவம் என்று எழுத்துருவைத் திறந்து பார்த்து ஒரு பட்டியல் எழுதினோம். பாமினி வரிசைக்குக் கிட்டத்தட்ட அதேதான், பத்துப் பன்னிரண்டு இடம் மட்டும் வேறு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் கோப்பைப் போட்டு யூனிகோடாக்கி, மாறிப்போன இடங்களைத் தேடித் திருத்தினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும், நீங்களும் கவனிப்பீர்கள். தட்டச்சுப் பழக்கத்தில் 'ர்' என்பதற்குக் காலும் புள்ளியும் போட்டுவிடுவார்கள். பார்வைக்கு 'அவர்' என்றே இருக்கும். மாற்றிய பிறகு உள்ளே இருப்பது 'அவ', ஒரு துணைக்கால், ஒரு புள்ளி. மனிதக் கண் ஏமாறும், கணினி ஏமாறாது. தேடினால் கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தேடி மாற்ற வேண்டும். அந்த நாற்பது பக்கத்தில் அப்படி எண்ணூறு சொச்சம் இருந்தன.

அச்சடித்தது நன்றாகவே வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய லாபம் வேறொன்று. அவருடைய பேத்தி புனேயில் பிறந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவாள். யூனிகோடாக்கிய கோப்பைக் கைபேசியில் போட்டு, வாசித்துக் காட்டும் வசதியை அழுத்தினால் அது தமிழில் படிக்கிறது. உச்சரிப்பு கொஞ்சம் எந்திரத்தனம்தான். ஆனாலும் தாத்தா எழுதியதைப் பேத்தி முழுக்கக் கேட்டாள். பழைய எழுத்துருவைப் பட்டியலில் எப்படியோ வரவழைத்திருந்தால் அச்சு மட்டும் நடந்திருக்கும். இது நடந்திருக்காது. கைபேசி ஜே, கே, பி, ஓ என்று படித்திருக்கும்.

நம் குடும்பங்களுக்கு இதில் இருக்கும் பங்கு இதுதான். ஊரில் இருப்பவர்களுக்குத் தமிழ் சுவரிலும் பஸ்ஸிலும் இருக்கிறது. நமக்குத் தமிழ் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரிக் கோப்புகளில். அடுத்த தலைமுறை அதைத் தேடும்போது தேடலில் சிக்க வேண்டும், காதால் கேட்கவாவது முடிய வேண்டும்.

சரி, கைக்கு உதவும் சமாச்சாரம். எழுத்துரு நிறுவியும் வடிவமைப்பு மென்பொருளில் வரவில்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலாவது, எங்கே நிறுவினீர்கள்? 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து, சாதாரணமாக நிறுவினால் எழுத்துரு உங்கள் ஒருவர் கணக்குக்குள் மட்டும் போகும். பொது ஃபோல்டரை மட்டும் பார்க்கும் பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. கோப்பின் மேல் வலது சொடுக்கி, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துரு வராத புகார்களில் கொஞ்சம் இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, என்ன ஜாதி? கோப்பின் பின்னொட்டு பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று ஜோடியாக இருந்தால் அது டைப் 1. புதிய பதிப்புகளில் அதற்காக மல்லுக்கட்டாதீர்கள். அதே எழுத்துருவின் ட்ரூடைப் அல்லது ஓப்பன்டைப் வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மூன்றாவது, பட்டியலில் வருகிறது, ஆனால் கொம்பும் காலும் சிதறுகிறதா? எழுத்துரு மேல் தப்பில்லை. இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்று ஒன்று இருக்கும். அதற்கு மாற்றுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழி வசதிகளைக் காட்டு என்பதை விருப்பங்களில் டிக் போடுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பு என்றால் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவது, எல்லாம் சரியாக வந்து வேலை முடிந்தாலும் பிடிஎஃப்ஐ மட்டும் சேமித்துவிட்டு நிம்மதியாகப் படுக்காதீர்கள். பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னோடு எடுத்துச் செல்வதால் பார்க்க அழகாக இருக்கும். பழைய எழுத்துருவில் செய்தது என்றால் அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், குட்டு வெளிப்படும். தமிழ் வந்தால் சரி. கிறுக்கல் வந்தால், இன்றே மாற்றியில் போட்டு யூனிகோடில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். பழைய கோப்பையும் எழுத்துருவையும் தூக்கி எறிய வேண்டாம். மூலப் பத்திரம் மாதிரி, ஒத்துப்பார்க்கத் தேவைப்படும்.

மென்பொருள் கம்பெனிகள் இனிமேலும் ஜன்னல்களை மூடும், திறக்கும். அது அவர்கள் வியாபாரம். உருவத்தை மட்டும் சேமித்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அலைச்சல். எழுத்தைச் சேமித்தவர்கள் அடுத்த ஜன்னலுக்கு நடந்து போய்விடலாம். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் சிடிகளை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். சிடி டிரைவ் உள்ள கணினி கிடைப்பதே இப்போது கஷ்டமாகிக்கொண்டிருக்கிறது.